எழுதத் தெரியாத டிரைவர்

என் வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்கு நான் ஒருநாளும் சரியாக விளங்க வைத்ததில்லை. "விமலா கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றா" என்று கல்யாண வீடுகளில் அறிமுகப்படுத்துவார்கள். உடனே யாராவது ஒருவர் தன் வீட்டு பிரிண்டர் ஓடவில்லை என்று ஆரம்பிப்பார். நான் பிரிண்டரைத் தொட்டதே இல்லை. செத்துப்போன, சாகப்போகிற, வெள்ளத்தில் நனைந்த, கைதவறி விழுந்த டிஸ்க்குகளுக்குள் இருப்பதை வெளியே எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. இப்போது ஓய்வு பெற்று செபராங் ஜெயா வீட்டில் உட்கார்ந்து, மருமகளின் சமையலைக் குறை சொல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அலுவலகத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் ஷாலினி போன வாரம் ஒரு செய்தி அனுப்பினாள். லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னலை எழுதுகிறவர்கள், அதில் யாரும் பயன்படுத்தாத பழைய டிரைவர் நிரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவருகிறார்களாம். "நீங்க அடிக்கடி சொல்வீங்களே அக்கா, அந்த டிரைவருக்கும் ஒருநாள் டாட்டா காட்டிருவாங்கபோல. அந்தக் கதைய முழுசா ஒருதடவ எழுதிக் கொடுங்களேன் லா."

எடுத்தால் எடுக்கட்டும். வீட்டில் புழங்காத சாமானை நானும்தான் தூக்கிப் போடுகிறேன். பழைய கெர்னல் ஒன்றை எங்காவது பத்திரமாக வைத்துக்கொள் என்று அவளுக்குப் பதில் எழுதினேன். ஆனால் கதையை எழுதச் சொன்னது பிடித்திருந்தது. நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அதில் ஒருவருடைய முகம்கூட எனக்குத் தெரியாது.

நான் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பாகான் டாலாமில் பிறந்தவள். பள்ளி முடித்ததும் ஃபெரியில் கடல் தாண்டித் தீவில் டிஸ்க் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தேன். முதலில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உட்காரும் வேலை. பிறகு மாலை வகுப்பில் டிப்ளோமா படித்து, சோதனைப் பிரிவுக்குப் போனேன். கம்பெனி வேறு நாட்டுக்கு மூட்டை கட்டியபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. இந்த வயதில் யார் புதிதாக வேலை கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டுதான், கெட்டுப்போன டிஸ்க்குகளை மீட்கும் தொழில் நடத்திவந்த நஸீரைப் பார்க்கப் போனேன்.

அவருடைய அலுவலகம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே நாசி கண்டார் சோற்றுக் கடை. அவர் என் சான்றிதழ்களைப் பார்க்கவில்லை. ஒரு டிஸ்க்கை என் பக்கம் தள்ளி, "இத ஒருத்தர் அழுதுக்கிட்டே கொண்டாந்து கொடுக்குறாரு. நீங்க மொதல்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். "மொதல்ல ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றேன். வேறு பதில் தோன்றாததால் சொன்னது அது. மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

நஸீர் என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். நான் அவரை பாஸ் என்பேன், பாதி மரியாதைக்கு, பாதி கிண்டலுக்கு. அவர் என்னை அக்கா என்பார், அதில் கிண்டல் கிடையாது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று நாங்கள் புரிந்துகொள்வோம். வாடிக்கையாளர் பேசும்போது அவர் கணினியைப் பார்க்க மாட்டார், முகத்தைத்தான் பார்ப்பார். டிஸ்க்கைப் பற்றி வாடிக்கையாளருக்கு என்ன தெரியும், அதற்குள் என்ன தொலைந்தது என்பதுதான் அவருக்குத் தெரியும் என்பார்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யாரும் தனியாக என்டரை அமுக்கக் கூடாது. கட்டளையைத் தட்டிவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அதை ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படிக்க வேண்டும். எதிர் மேசையில் இருப்பவர் தன் வேலையை நிறுத்திக் கேட்டுவிட்டு, "அமுக்கு" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கை மேலே வரலாம். எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு நகல் எடுப்பது என்பது ஒரே ஓர் எழுத்தில் மாறிப்போகும் விஷயம். மாறினால், வெற்று டிஸ்க்கை எடுத்து ஒருவருடைய கல்யாணப் படங்களின் மேல் பூசிவிடுவோம்.

எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. "என்ன பாஸ், நான் தமிழ்ப்பள்ளி ஒண்ணாம் வகுப்பா?" என்று கேட்டேன்.

"ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்ககிட்ட ரப்பர் இருக்கு அக்கா. தப்பா எழுதுனா அழிச்சிக்கலாம். நமக்கு அது இல்ல."

இனி கொஞ்சம் தொழில் விஷயம். ஷாலினிக்குத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். டிஸ்க்கில் இருப்பது வெறும் எண்கள். எந்த எண் எந்தக் கோப்புக்குச் சொந்தம் என்று பிரித்து வைக்கும் ஒழுங்குக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர். அந்த ஒழுங்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒவ்வோர் ஒழுங்கையும் புரிந்துகொள்ள ஒரு டிரைவர் வேண்டும். அது கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் அடிவயிற்றில் இருந்து வேலை செய்யும். டிரைவர் இருந்தால் டிஸ்க்கை ஒரு ஃபோல்டரோடு பொருத்திவிடலாம். அந்த ஃபோல்டரைத் திறந்தால் கோப்புகள் பெயர் பெயராகத் தெரியும். இப்படிப் பொருத்துவதைத்தான் மவுண்ட் செய்வது என்கிறோம். வாசிக்க மட்டும், எழுதக் கூடாது என்று நிபந்தனை போட்டும் மவுண்ட் செய்யலாம். எங்கள் பிழைப்பே அந்த நிபந்தனையில்தான் ஓடியது.

அந்த நிபந்தனையையும் முழுசாக நம்பக் கூடாது என்பதை நஸீர் எனக்குக் காட்டியது ஒரு மதிய வேளையில். யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சோதனை டிஸ்க்கைக் கொடுத்து, அதன் விரல் ரேகையை எடுக்கச் சொன்னார். டிஸ்க்கில் இருக்கும் எல்லாவற்றையும் கூட்டிக் கணக்குப் போட்டு வரும் நீண்ட எண்ணை நாங்கள் அப்படிச் சொல்வோம். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் ரேகை வேறாகிவிடும். எடுத்தேன். பிறகு வாசிக்க மட்டும் என்று சொல்லி மவுண்ட் செய்தேன். ஒன்றையும் திறக்கவில்லை. அப்படியே கழற்றிவிட்டு மறுபடி ரேகை எடுத்தேன். மாறியிருந்தது.

நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். "எழுதாதேன்னுதானே சொன்னேன்" என்றேன்.

"நீங்க சொன்னீங்க. அதுக்கு நல்ல மனசு" என்றார் நஸீர். அந்த டிஸ்க் முன்பு எப்போதோ கரண்ட் போய் அரைகுறையாக நின்றுபோன ஒன்று. பாதியில் விட்ட வேலைகளின் குறிப்பை அது ஒரு மூலையில் வைத்திருந்தது. டிரைவர் உள்ளே நுழைந்ததும் அந்தக் குறிப்பைப் பார்த்து, பாவம் என்று மிச்ச வேலையை முடித்து வைத்திருக்கிறது. விருந்துக்கு வந்தவர் நாம் கேட்காமலே அடுப்படியை ஒழித்து வைத்துவிட்டுப் போவதைப் போலத்தான். நல்ல எண்ணம்தான், ஆனால் அப்புறம் நம் கரண்டி எங்கே இருக்கிறது என்று நமக்கே தெரியாது. அன்றிலிருந்து கட்டளையோடு நிற்காமல், டிஸ்க்குக்கும் கணினிக்கும் நடுவில் எழுதுவதைத் தடுக்கும் சிறு பெட்டி ஒன்றையும் வைத்துத்தான் எதையும் தொடுவேன்.

பரமேஸ்வரி வந்தது இதற்கெல்லாம் சில வருஷங்கள் கழித்து. ஒரு பிஸ்கட் டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடியேறி வந்தாள். டின்னுக்குள் துவாலை, துவாலைக்குள் ஒரு பழைய டிஸ்க். கணினியோடு இணைக்க அகலமான பல் வரிசையோடு, பழைய பெரிய கணினிகளுக்கென்று செய்த வகை. அவளும் பாகான் டாலாம்தான் என்று தெரிந்ததும் நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவள் கணவர் குணசேகரன் வீடுகளுக்குக் குளிரூட்டும் ஏர்கோன் மாட்டும் வேலை செய்கிறவர். இருமல் நிற்கவில்லை என்று மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்ததில் நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்திருக்கிறது. பெரிய ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் இருந்ததால் ஊசியால் தொட்டு எடுக்க முடியாது. நெஞ்சைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

"இவருக்கு ஏற்கனவே ஹார்ட்ல ரெண்டு எடத்துல ஸ்டென்ட் வச்சிருக்கு அக்கா. மயக்க மருந்து கொடுக்குற டாக்டரே யோசிக்கிறாரு. அடுத்த வாரம் நாள் குறிச்சாச்சு. பெரிய டாக்டர் கேட்டாரு, முன்ன எப்பவாச்சும் நெஞ்சு ஸ்கேன் எடுத்தீங்களான்னு. எடுத்தோம். ஏணியிலேர்ந்து விழுந்தப்ப, பட்டர்வொர்த்துல ஒரு ஸ்கேன் சென்டர்ல. அந்தப் படத்துலயும் இதே புள்ளி, இதே சைஸ்ல இருந்தா, இத்தன வருஷமா வளராம கெடக்குற புள்ளி, அது பாட்டுக்குக் கெடக்கட்டும்னு விட்டுரலாமாம். வெட்ட வேணாம்."

அந்த ஸ்கேன் சென்டர் எப்போதோ மூடியாகிவிட்டது. படத்தின் ஃபிலிம், வீடு மாறும்போது போய்விட்டது. சென்டரை நடத்திய டாக்டரைத் தேடிப் போயிருக்கிறாள். வயதானவர், நல்ல மனிதர். சாமான் அறையில் கிடந்த பழைய கணினியிலிருந்து டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்.

"அப்ப அந்தப் புள்ளி அப்பவே இருந்திருக்கணும்னு வேண்டிக்கிட்டிருக்கீங்க" என்றேன்.

"ஆமாக்கா. புருஷனுக்கு நோய் இருந்திருக்கணும்னு கோயில்ல போயி நிக்கிறேன். எப்படிக் கேக்குறதுன்னே தெரியல."

நஸீர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத வேற யாராச்சும் தொட்டாங்களா?" என்று கேட்டார்.

தொட்டிருந்தார்கள். தெரிந்த பையன் ஒருவனின் கம்ப்யூட்டர் கடையில் எங்கேயோ ஓர் அடாப்டர் பிடித்து மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுடைய கணினிக்கு இந்த ஃபைல் சிஸ்டமே தெரியாது. தெரியாத டிஸ்க்கைக் கண்டால் அது காலி என்று முடிவு கட்டிவிடும். இந்த டிஸ்க்கைத் தயார் செய்யட்டுமா என்று திரையில் கேட்டிருக்கிறது. தயார் செய்வது நல்ல விஷயம்தானே என்று சரியை அமுக்கிவிட்டார்கள்.

நஸீர் கண்ணாடியைக் கழற்றினார். அது வெகுநேரம் அவர் கையிலேயே இருந்தது.

முதல் வேலை, நகல். அந்த மாதிரி டிஸ்க்கில் எழுதுவதைத் தடுக்கச் சிறு ஊசிகளில் ஒரு தொப்பி மாட்டும் இடம் இருக்கும். முதலில் அதை மாட்டினோம். பல் வரிசைக்குப் பொருந்தும் அட்டையுள்ள பழைய கணினி ஒன்றை நஸீர் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார், அதில் இணைத்தோம். டிஸ்க் சுழல ஆரம்பித்தபோது தேங்காய் துருவுவது மாதிரி ஒரு சத்தம். நல்ல இடங்களை முதலில் வேகமாக வாசித்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்கு மெதுவாகத் திரும்பி வந்தோம். பெரும்பாலும் வந்துவிட்டது. ரேகை எடுத்துக்கொண்டு, டிஸ்க்கை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். இனி எல்லாம் நகலில்தான்.

இந்த ஃபைல் சிஸ்டத்துக்கான டிரைவர் எங்கள் கெர்னலில் இல்லை. ஆனால் கெர்னலின் மூல நிரலில், ஒரு மூலையில், சின்ன ஃபோல்டர் ஒன்றில் அது இருந்தது. அதை எடுத்துத் தனியாகத் தொகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தொகுப்பதற்கு முன் அதைப் படிக்கச் சொன்னார் நஸீர். படித்தேன். ஒரே மூச்சில் படித்துவிடும் அளவுக்குச் சிறியது. கோப்பைத் தேட வழி இருந்தது, திறக்க வழி இருந்தது, வாசிக்க வழி இருந்தது. எழுதுவதற்கு ஒன்றுமே இல்லை. எழுத அனுமதி கேட்டு யாராவது மவுண்ட் செய்தால், வாசிப்பதற்கு மட்டும்தான் என்று ஒரு வரி அறிவித்துவிட்டு அது தானாகவே அப்படி மாறிக்கொள்ளும்.

நான் அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒருவர், செத்துக்கொண்டிருந்த ஒரு கம்பெனியின் டிஸ்க்குகளை மற்றவர்கள் வாசிக்க முடிய வேண்டும் என்று உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறார். சம்பளத்துக்கு எழுதியதாகத் தெரியவில்லை. எழுதும் பகுதியை அவர் எழுதவில்லை என்றால் அது சோம்பலாகவும் இருக்கலாம், நேரமில்லாமலும் இருக்கலாம். எனக்கு அது பெரிய உபகாரமாகப் பட்டது. நல்ல மனசோடு உள்ளே போய் எதையாவது ஒழுங்குபடுத்த இந்த டிரைவருக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் அது மவுண்ட் ஆகவில்லை. தான் தேடும் தலைப்பகுதி இங்கே இல்லை என்று கெர்னல் சொல்லிவிட்டது. எதிர்பார்த்ததுதான். ஃபைல் சிஸ்டம் டிஸ்க்கில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று சொல்லும் அட்டவணை டிஸ்க்கின் நெற்றியில் இருக்கும். தயார் செய்தபோது அந்த நெற்றியில்தான் புதிதாக எழுதிவிட்டார்கள்.

பரமேஸ்வரி தினமும் வந்துகொண்டிருந்தாள். வேண்டாம், போன் செய்கிறோம் என்று சொன்னாலும் கேட்கவில்லை. கதவோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எங்களுக்குத் தொந்தரவு தரக் கூடாது என்று இருமலைக்கூட அடக்குவாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை பரபரத்தது. "பாஸ், அட்டவணைய நானே கையால எழுதிருறேன். இது நகல்தானே. ஒரே நிமிஷம்" என்றேன்.

நஸீர் நாற்காலியை என் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, நாளைக்கு இந்தப் படத்த வச்சி ஒரு டாக்டர் கத்திய எடுக்கவா வேணாமான்னு முடிவு பண்ணப் போறாரு. இது அந்த மிஷின்ல பதிஞ்ச படமேதானான்னு கேப்பாரு. ஆமா, ஒரு எழுத்துகூட நாங்க போடலன்னு சொல்லணும். நகல்லதான் கொஞ்சம் எழுதுனோம், படத்துல எழுதலன்னு வளவளன்னு சொன்னா, நானே அவர் எடத்துல இருந்தா நம்ப மாட்டேன்."

"அடுத்த வாரம் ஆப்பரேஷன் பாஸ்."

"அதனாலதான் சொல்றேன்."

எனக்குக் கோபம்தான். ஒழுக்கமெல்லாம் நெருக்கடி இல்லாதபோது பேச நன்றாக இருக்கும் என்று மனதுக்குள் திட்டினேன். ஆனாலும் அவர் சொன்ன வழியில் போனேன். எழுதாமலே செய்ய ஒரு வழி இருந்தது. ஃபைல் சிஸ்டம் எங்கே தொடங்குகிறது என்று நமக்குத் தெரிந்தால், அட்டவணை இல்லாமலே, இந்த இடத்திலிருந்து பார் என்று கெர்னலிடம் சொல்லலாம். அந்த இடம் எது என்பதுதான் கேள்வி.

ஒவ்வொரு ஃபைல் சிஸ்டமும் தன் தலைப்பகுதியில் ஓர் அடையாள எண்ணை வைத்திருக்கும். நகல் முழுவதிலும் அந்த எண்ணைத் தேட ஒரு சிறு நிரல் எழுதி ஓடவிட்டேன். பல இடங்களில் கிடைத்தது. பாதி, தற்செயலாக அமைந்த எண்கள். ஆனால் இந்த வகை ஃபைல் சிஸ்டம் தன் தலைப்பகுதியின் பிரதி ஒன்றைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளும். தான் எவ்வளவு நீளம் என்பதும் அதில் எழுதியிருக்கும். கிடைத்த இடங்களை இரண்டு இரண்டாக எடுத்து, நடுவில் இருக்கும் தூரத்தை அந்த நீளத்தோடு ஒப்பிட்டேன். ஒரே ஒரு ஜோடி பொருந்தியது. முன்னால் இருப்பது தொடக்கம், பின்னால் இருப்பது பிரதி.

கட்டளையைத் தட்டினேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். இன்ன நகல், இன்ன இடத்திலிருந்து, இன்ன ஃபைல் சிஸ்டம், வாசிக்க மட்டும், இன்ன ஃபோல்டரில் பொருத்து. நஸீர் அந்த நேரம் பார்த்து மதிய லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். கதவோரம் பரமேஸ்வரியைத் தவிர அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை. வழக்கம் வழக்கம்தான், அவர் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே கடையில் சாப்பாட்டுக் கூட்டத்தின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது.

நஸீர் படியேறி வந்தார். நான் மறுபடி முதலிலிருந்து படித்தேன். அவர் நின்றபடியே கேட்டார். படித்து முடித்ததும் வழக்கமான சொல்லைச் சொல்லாமல் கதவோரம் திரும்பிப் பார்த்தார். பரமேஸ்வரி எப்போதோ எழுந்து நின்றிருந்தாள். இத்தனை நாள் உட்கார்ந்து கேட்டதில் அவளுக்கும் எங்கள் முறை பாடமாகியிருந்தது.

"சொல்லுங்க தங்கச்சி" என்றார் நஸீர்.

"அமுக்குங்கக்கா" என்றாள்.

அமுக்கினேன். கெர்னல் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் அது ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சரியாக இருக்கிறது என்று பொருள். ஃபோல்டரைத் திறந்தேன். வரிசை வரிசையாகக் கோப்புகள்.

பெயர்கள் எல்லாம் எண்களாக இருந்தன. ஆனால் ஒவ்வொரு படத்தின் முகப்பிலும் நோயாளியின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் பதிந்திருக்கும். அவற்றை மட்டும் வாசித்துக் குணசேகரனைத் தேடினோம். மற்றவர்களின் படங்களைத் திறக்கக் கூடாது என்பதிலும் நஸீர் கறாராக இருந்தார். தேடல் முடிய மாலையாகிவிட்டது. இருந்தார். பிறந்த தேதி, அட்டை எண் எல்லாம் பொருந்தி, முழு வரிசையாக இருந்தார்.

படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன், எல்லாம் முழுசாக இருக்கின்றனவா என்று சரிபார்க்க. ரொட்டியைத் துண்டு துண்டாக நறுக்கினது போல நெஞ்சின் குறுக்குவெட்டுகள். கறுப்பு நுரையீரல், சாம்பல் இதயம், வெள்ளை எலும்பு. நடுவில் ஒரு படத்தில் என் கை நின்றது. கறுப்புக்குள், ஒரு கிளைக்குப் பக்கத்தில், மிளகளவு ஒரு வெள்ளை.

நான் டாக்டர் இல்லை. அது ரத்தக் குழாயாக இருக்கலாம், வேறெதுவாகவும் இருக்கலாம். ஆனாலும் ஒருவர் நெஞ்சுக்குள் இருக்கும் நோயைக் கண்டு நான் சந்தோஷப்பட்டது என் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.

பரமேஸ்வரி திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னக்கா?"

வாயைத் திறந்தேன். நஸீர் என் பக்கம் திரும்பி லேசாகத் தலையசைத்தார், வேண்டாம் என்று.

"படம் முழுசா கெடச்சிருச்சு" என்றேன். "மத்தத டாக்டர்தான் சொல்லணும் பரமேஸ்வரி." அப்படிச் சொல்வது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. நஸீர் கீழே போய் அவளுக்குத் தே தாரேக் வாங்கி வந்தார். அவர் வாடிக்கையாளருக்குத் தானே இறங்கிப் போய் டீ வாங்கி வந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

படத்தின் எண்களில் கை வைக்காமல் மருத்துவமனை வாசிக்கும் வடிவத்துக்கு மாற்றி, ஒருமுறை பதிந்தால் மாற்ற முடியாத சிடி ஒன்றில் போட்டு, என்ன செய்தோம் என்று நஸீர் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். மறுநாள் ஃபெரியில் வரும்போது அவள் ஞாபகமாகவே இருந்தது. அன்று முழுக்க போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஆப்பரேஷனுக்குக் குறித்த நாளுக்கு முதல் நாள் வந்தது.

"இருக்காம் அக்கா" என்றாள்.

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அளந்து பாத்தாங்க. ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சி அளந்தாங்க. அப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்காம். அந்த டாக்டர் கேட்டாரு, இது ஒரிஜினல்தானா, யாரும் கைய வச்சாங்களான்னு. பாஸ் எழுதிக் கொடுத்தத நீட்டுனேன். ரெண்டு தடவ படிச்சாரு. ஆப்பரேஷன் வேணாம்னுட்டாரு." பிறகு அழுதாள். பிறகு சிரித்தாள். "இத்தன வருஷமா எங்ககூடவே உக்காந்து சோறு தின்னுருக்கு அக்கா அது."

நான் போனை வைத்துவிட்டு நஸீரிடம் சொன்னேன். அவர், "அல்ஹம்துலில்லாஹ்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, "அலமாரியில இருக்குற ஒரிஜினல எடுங்க அக்கா, திருப்பிக் கொடுக்கணும்" என்றார். மறுபடி ரேகை எடுத்தோம். வந்த நாளில் எடுத்த ரேகையும் இதுவும் ஓர் எழுத்து பிசகாமல் இருந்தன. நான் அந்த மனிதரோடு கோபித்துக்கொண்ட நாட்களை நினைத்துக்கொண்டேன். அவசரத்தில் என் கை போகாமல் தடுத்ததற்கு அன்று நன்றி சொல்ல வெட்கமாக இருந்தது. இங்கே சொல்லிவிடுகிறேன். நன்றி, பாஸ்.

சில நாள் கழித்துக் கணவனும் மனைவியுமாக டிஸ்க்கை வாங்கிக்கொள்ள வந்தார்கள். பழைய டாக்டரிடம் ஒப்படைக்க வேண்டுமாம். பரமேஸ்வரி வரும் வழியில் பசாருக்குப் போயிருக்கிறாள். இரண்டு கையிலும் பை, முருங்கைக்காயும் மீனும் தேங்காயுமாக. குணசேகரன் அண்ணன் பின்னால் கையை வீசிக்கொண்டு வந்தார். உயரமான, சங்கோஜமான ஆள்.

"பாருங்க அக்கா, ஒரு மாசமா என்னை ஒண்ணும் தூக்க விட மாட்டேங்குறா. தண்ணி வாளி தூக்குனாக்கூட ஓடி வந்து புடுங்கிக்கிறா" என்றார்.

நஸீர் டிஸ்க்கைத் துவாலையில் சுற்றி டின்னுக்குள் வைத்து அவரிடம் நீட்டினார். அவர் உடனே வாங்கவில்லை. டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குள்ளயா தம்பி நான் இருந்தேன்?"

"ஆமாண்ணே. எப்படி இருந்தீங்களோ அப்படியே இருக்கீங்க. நாங்க ஒண்ணும் தொடல."

குணசேகரன் அண்ணன் டின்னை வாங்கிக்கொண்டார். எங்கள் ஏர்கோனை அண்ணாந்து பார்த்து, அதில் கேஸ் குறைந்திருக்கிறது, வந்து போட்டுத் தருகிறேன் என்றார். விடைபெற்றுக்கொண்டு இருவரும் கதவு வரை போனார்கள். அங்கே பரமேஸ்வரி நின்றாள். கையில் இருந்த பைகளைப் பார்த்தாள். பிறகு இரண்டையும் அவர் பக்கம் நீட்டினாள்.

"இந்தாங்க, நீங்களே தூக்கிட்டு வாங்க" என்றாள்.

அவர் டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு பையையும் வாங்கினார். அவள் வெறுங்கையோடு முன்னால் இறங்கிப் போனாள்.